சீனி நூற்றியெண்பது

என் வாழ்நாளில் நான் அனுப்பிய மின்னஞ்சல்களில் ஒன்றே ஒன்றைத் திருப்பி எடுக்கலாம் என்று யாராவது வரம் தந்தால், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அனுப்பியதைத்தான் கேட்பேன். மொத்தம் நான்கு வரி. எழுத்துப்பிழை கூட இல்லை. அனுப்பிவிட்டு என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

என் பெயர் கொட்வின். வயது ஐம்பத்தேழு. இருபது வருடம் ஹம்பேர்க்கில் ஒரு பேக்கரிக்குப் பாண் வான் ஓட்டினேன். முதுகு மறுத்த பிறகு கம்சனாவிடம் வேலைக்கு வந்தேன். கம்சனாவுக்கு முப்பத்திரண்டு வயது. சட்டப்படி பதிந்த துப்பறிவாளர். பெரிய ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு தமிழ்க் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கந்தோர். கருவாட்டு வாசனையோடுதான் கட்சிக்காரர்கள் உள்ளே வருவார்கள். கம்சனா யோசிப்பார், நான் கதைப்பேன். சம்பளம் இரண்டுக்கும் உண்டு.

பேனாட் திங்கட்கிழமை வந்தார். நாற்பது வயது மதிக்கலாம். இஸ்திரி போட்ட சேட், மெல்லிய குரல். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவதாகச் சொன்னார். மகளின் பிறந்தநாளுக்கு ஓர் ஆமை வாங்க வேண்டுமாம். விற்கிறவர் எப்படிப்பட்டவர் என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"ஆமைக்குத் துப்பறிவாளரோ?" என்று நான் கேட்டேன். "கலியாணத்துக்கே எங்கட சனம் இவ்வளவு விசாரிக்கிறேல்லை, தம்பி."

அவர் சிரித்தார். "போன வருஷம் ஒரு ஓணான் வாங்கினனான், அண்ணை. ஒருத்தன் கார் பார்க்கில வைச்சு, பெட்டியோட தந்திட்டுப் போயிட்டான். மூண்டு கிழமையில செத்துப்போச்சு. பிள்ளை இன்னும் அதை நினைச்சு அழுகுது. இந்த முறை ஆள் ஆரெண்டு தெரியாமல் வாங்க மாட்டன்."

எனக்கு மனம் இளகிவிட்டது. நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தபோது என் கோப்பையில் சீனி போடாததை அவர் கவனித்துவிட்டார்.

"உங்களுக்கும் சீனியோ, அண்ணை? என்ர அப்பாவுக்கும் இருந்தது. வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ."

என் வீட்டில் கூட என் சீனியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துவிட்டது.

விளம்பரத்தைக் கம்சனா இரண்டு தரம் வாசித்தார். கிரேக்கத் தரை ஆமை, பெண், ஏழு வயது. சட்டப்படி விற்கலாம் என்ற அரசாங்கத்தின் மஞ்சள் பத்திரமும் படமாகப் போட்டிருந்தது. மாதா மாதம் நிறுத்த நிறை எழுதப்பட்டிருந்தது. மேலோட்டின் படம், வயிற்றோட்டின் படம், தராசில் நிற்கும் படம். தபாலில் அனுப்ப மாட்டேன், முதலில் நேரில் கதைக்க வேண்டும், தோட்டம் இல்லாதவர்களுக்கு விற்க மாட்டேன் என்றெல்லாம் எழுதியிருந்தது.

"இவ்வளவு ஒழுங்கான விளம்பரம் நான் பாத்ததில்லை" என்றார் கம்சனா. "கள்ளனுக்கு விக்கிற அவசரம். இந்த ஆளுக்கு அவசரமே இல்லை. வயித்துப் படமும் போட்டிருக்கு."

"வயித்தில என்ன இருக்கு?" என்றேன் நான்.

"ஆமைக்கு வயித்தோட்டில இருக்கிற கறுப்புக் கோலம்தான் கைரேகை, அண்ணை. ஒண்டைப்போல இன்னொண்டு இல்லை. பத்திரத்தில இருக்கிற படமும் ஆமையும் ஒத்து வந்தால் சரி. அதை மறைக்காமல் போடுறவைதான் நேர்மையான ஆக்கள்."

"ஆனால் பேரும் விலாசமும் போட இல்லையே" என்றார் பேனாட். "பீலெஃபெல்ட் எண்டு மட்டும்தானே கிடக்கு. சந்திக்கிறதும் ஸ்டேஷனில எண்டுதான் போட்டிருக்கு. ஆள் எங்க இருக்கிறா, ஆரோட இருக்கிறா, என்ன நேரம் வீட்டில நிக்கிறா எண்டு தெரியாமல் எப்பிடி நம்புறது?"

நியாயமான கேள்வி. அடுத்த நாள் காலையே பீலெஃபெல்டுக்கு ரயில் ஏறினோம்.

ரயிலில் கம்சனா அந்த மஞ்சள் பத்திரப் படத்தில் இருந்த இலக்கத்தைப் பிடித்து, ஆமையை முதலில் வளர்த்து விற்றவரை ஃபோனில் கூப்பிட்டு விசாரித்தார். அந்தக் கிழவர் ஒவ்வொரு குஞ்சுக்கும் கொப்பி வைத்திருப்பவர். இலக்கம் சரி, ஆமையும் சரி.

நான் தராசுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமை ஒரு சமையலறைத் தராசில் நின்றது. தராசுக்குக் கீழே ஏதோ தாள் விரித்திருந்தது. தாளில் எழுத்து. கைத்தொலைபேசியைத் தலைகீழாகத் திருப்பினேன். தமிழ்! 'தமிழ்த் திருப்பலி, மாதத்தின் கடைசி ஞாயிறு' என்று அச்சடித்து, கோயிலின் பெயரும் போட்டிருந்தது.

"பிள்ளை!" என்று கத்தினேன். எதிரே இருந்த ஜேர்மன்காரர் பத்திரிகையை இறக்கிப் பார்த்தார். "ஆமை எங்கட ஆள்! வேதக்கார ஆமை!"

கம்சனா படத்தைப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரன், அண்ணை" என்றார். அவர் வாயில் அந்தச் சொல் வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும்.

அந்த உற்சாகத்தில் பெட்டிக்கு வெளியே போய் நின்று, பீலெஃபெல்டில் கோயில் பாடற்குழுவில் இருக்கும் யோசப்பைக் கூப்பிட்டேன். மன்னாரில் என்னோடு படித்தவன். அவன் புஷ்பமலர் அக்காவின் இலக்கத்தைத் தந்தான். அக்காதான் பீடத்துக்குப் பூ வைப்பவராம். அவரைக் கூப்பிட்டு, ஆமை வைத்திருக்கும் குடும்பம் ஏதாவது தெரியுமா என்று கேட்டேன்.

"ஆமைப் பிள்ளையோ? பாவம் தம்பி, அது மகளோட தனிய இருக்குது. ஒருத்தரோடயும் கதைக்காது. நான்தான் ஆமைக்குத் தோட்டத்தில இலை புடுங்கிக் குடுக்கிறனான்" என்றவர், தெரு, வீட்டு இலக்கம், எத்தனையாம் மாடி என்பது வரை சொல்லிவிட்டார். கேட்காமலே சொன்னார்.

அரசாங்கத்துக்கு மூன்று மாதம் எடுக்கும் வேலையை எங்கள் சனம் இரண்டு ஃபோனில் முடித்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். அங்கேயே நின்று பேனாட்டுக்கு நான்கு வரி எழுதி அனுப்பினேன். மணி பத்து நாற்பது.

இருக்கைக்குத் திரும்பியபோது கம்சனா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விலாசம் கிடைச்சிட்டுது, பிள்ளை."

"நல்லது. ஆனால் இப்ப அவருக்கு அனுப்பாதேங்கோ. அந்த ஆள் நேற்றுப் பதினொரு கேள்வி கேட்டவர். நான் எண்ணினனான். ஆமை என்ன சாப்பிடும், எவ்வளவு காலம் இருக்கும், எங்க வைக்கிறது? ஒண்டும் கேக்க இல்லை. பதினொண்டும் விக்கிற ஆளைப் பற்றி."

"தேப்பன் பிள்ளைக்காகப் பயப்பிடுது."

"இருக்கலாம். எண்டாலும் விலாசம் கடைசியில, என்ர கையால. அதுதானே எங்கட முறை."

அனுப்பிவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'கெட்டிக்காரன்' என்ற சொல் இன்னும் காதில் கிடந்தது. அதை அவ்வளவு கெதியில் இழக்க எனக்கு மனம் வரவில்லை. "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன்.

பீலெஃபெல்டில் இறங்கி ட்ராம் பிடித்து, அந்தத் தெரு முனையில் இறங்கும்போது பன்னிரண்டு பத்து. என் கைத்தொலைபேசி அடித்தது. பேனாட். கம்சனா முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

"மெயில் கிடைச்சது, அண்ணை. பெரிய உதவி. சீனி எப்பிடி, அண்ணை?"

ஒரே ஒரு தரம் பார்த்த மனிதர், நினைவு வைத்துக் கேட்கிறார்.

"காலமை நூற்றியெண்பது, தம்பி. சோத்தைக் குறைச்சிட்டன்."

அவர் சிரித்தார். நல்ல நீளமான சிரிப்பு. அவருக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், காலையில் நாங்களும் கடந்து வந்த ஹனோவர் பிரதான நிலையத்தை அறிவித்தது. வேலை விஷயமாக எங்கோ போகிறார் போலும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. எனக்குச் சம்பளம் கதைப்பதற்குத்தானே.

அழைப்புமணிகளில் மூன்றாம் மாடிக்கு நேரே பெயர் இல்லை. கம்சனா அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பெயர்த்துண்டை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

கதவு சங்கிலி அளவுக்குத்தான் திறந்தது. முப்பத்தைந்து வயதுக்குள் ஒரு பெண். ஈரத்தலை, வெளிறிய முகம்.

"வணக்கம், தங்கச்சி. ஆமை விளம்பரம் பாத்து வந்தனாங்கள்" என்றேன்.

"ஆர் உங்களுக்கு விலாசம் தந்தது?"

நான் வாயைத் திறக்க முதல் கம்சனா தன் அடையாள அட்டையைச் சங்கிலி இடைவெளியால் நீட்டினார். ஒரு கட்சிக்காரருக்காக விசாரிக்க வந்ததாக உண்மையைச் சொன்னார். அந்தப் பெண் அட்டையை நெடுநேரம் பார்த்தார். பெண்பிள்ளை ஒருத்தி முன்னால் நின்றதால்தான் திறந்தார் என்று நினைக்கிறேன்.

அவர் பெயர் பிளோறன்ஸ். முதியோர் பராமரிப்புக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்கிறார். ஓர் அறை, ஒரு சமையலறை. கதவுக்குப் பின்னால் இரண்டு பயணப் பைகள் நிறையக் கட்டியபடி நின்றன. ஒன்று பெரிது, மற்றது மஞ்சள் நிறத்தில் சிறியது. கம்சனா பைகளைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

பிளோறன்ஸ் எங்களை இருக்கச் சொல்லவில்லை. கேள்வி கேட்கத் தொடங்கினார். வாங்குகிறவருக்குத் தோட்டம் இருக்கிறதா? வெயில் படுமா? குளிர்காலத்தில் நான்கு மாதம் உறங்க வைக்கத் தனிக் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா?

"ஃபிரிஜ்ஜுக்குள்ளயோ?" என்றேன். "உயிரோடயோ?"

"ஓம் அண்ணை. அஞ்சு பாகை குளிரில, ஈரமண்ணுக்குள்ள. இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான்." முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. "நான் விக்க விரும்பி விக்க இல்லை. இது மூண்டாம் மாடி. மண் இல்லை, வெயில் இல்லை. வைச்சிருந்தால் அதுக்குத்தான் பாவம். மகள் தினமும் அழுகிறாள். ஆனால் அவளும் ஓமெண்டு சொல்லிப்போட்டாள்."

பிறகு பல்கனிப் பக்கம் குனிந்து, "சீனி! வாங்கோ ராசாத்தி, ஆக்கள் வந்திருக்கினம்" என்றார்.

ஒரு பெட்டிக்குள் இருந்து ஆமை தலையை நீட்டியது.

பக்கத்தில் இருந்த கதிரையைப் பிடித்தேன்.

"அதுக்கு... என்ன பேர் சொன்னனீங்கள்?"

"சீனி. மகள் வைச்ச பேர்."

"விளம்பரத்தில பேர் இல்லையே?" என்றார் கம்சனா.

"இல்லை, போடேல்லை. அந்தப் பேர் எங்கட வீட்டு ஆக்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் மகளுக்கும், பேந்து..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

கம்சனாவும் என்னைப் பார்த்தார். "அண்ணை?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெயில், பத்து நாற்பது, மாடி இலக்கம், 'சீனி எப்பிடி அண்ணை', நூற்றியெண்பது, ஹனோவர். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு யாரோ கதைப்பதுபோலக் கேட்டது. கட்சிக்காரரின் பெயரைச் சொன்னதும் பிளோறன்ஸ் கத்தவில்லை, அழவும் இல்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு இருபத்தைந்து.

"மகளுக்கு ஒண்டே கால் மணிக்குப் பள்ளிக்கூடம் முடியுது" என்றார்.

"அவர் எப்பிடி இந்த விளம்பரத்தைக் கண்டுபிடிச்சவர்?" என்று கேட்டேன். அறிவு கெட்ட கேள்வி. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

பதில் சொன்னது கம்சனா. "வயித்துப் படம். ஆமையை ஆர் வாங்கினது?"

"அவர்தான். பழைய படமெல்லாம் அவரிட்ட இருக்கு."

"அவர் மனிசியைத் தேட இல்லை, அண்ணை. ஆமையைத் தேடியிருக்கிறார். மனிசர் ஊரை மாத்தலாம், ஃபோனை மாத்தலாம். ஆமைக்கு வயித்தை மாத்தேலாது."

பிளோறன்ஸ் கதிரையில் மெல்ல இருந்தார். "படம் போடாட்டி ஒருத்தரும் நம்ப மாட்டினம் எண்டு வாசிச்சனான். கள்ள ஆள் எண்டு நினைப்பினம் எண்டு..." என்றார். நேர்மையாக விற்க வேண்டும் என்று நினைத்த ஒரே குற்றத்துக்கு அந்தப் பெண் அங்கே அப்படி இருந்தார்.

கம்சனா பொலிஸுக்கு ஃபோன் அடித்தார். பேனாட் கிட்ட வரக் கூடாது என்ற நீதிமன்றப் பத்திரம் ஒன்று இருந்தது. ஆறு மாதத்துக்கானது. போன கிழமை முடிந்துவிட்டது. நீடிக்க அன்ட்ராக் எழுதி விண்ணப்பித்தாயிற்று, விசாரணைக்குத் தெர்மீன் தந்திருப்பது அடுத்த மாதம். ஃபோனில் கதைத்த பொலிஸ்காரி தன்மையாகத்தான் கதைத்தார். வண்டி அனுப்புகிறோம், ஆனால் ஒரு பெரிய விபத்தில் எல்லாரும் நிற்கிறார்கள், அரை மணித்தியாலம் ஆகலாம் என்றார். கம்சனா அடுத்ததாகப் பெண்கள் காப்பகத்துக்கு அடித்தார். இந்த ஊரில் இடமில்லை, வேறொரு ஊரில் இருக்கிறது. தாயும் பிள்ளையும் வரலாம், மிருகங்கள் கூடாது.

மூன்று பேரும் ஆமையைப் பார்த்தோம். அது ஓர் இலையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணை கொண்டுபோவார்" என்றார் கம்சனா என்னைக் கேட்காமலே.

பிளோறன்ஸ் ஒரு துணிப்பைக்குள் துவாய் விரித்து, ஆமையை வைத்து, அது தின்னும் காட்டு இலைகளையும் மேலே போட்டார். மஞ்சள் பத்திரத்தை என் சட்டைப் பைக்குள் வைத்தார். "பழம் ஒண்டும் குடுக்காதேங்கோ, அண்ணை. இனிப்புக் கூடாது. வயித்துக்கு ஆகாது."

"எனக்கும் டொக்டர் அதைத்தான் சொன்னவர்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

படியில் இறங்கும்போது கம்சனா என் கையைப் பிடித்தார். "ஹனோவரில இருந்து அந்த ரயில் ஒரு மணி அஞ்சுக்கு வருது. மணி அடிக்க முதல் பள்ளிக்கூடத்தில பிள்ளையை விட மாட்டினம்; எடுத்து, டாக்சியில நகரத்தை விட்டு வெளியால போக ரயில் வந்த பிறகும் எனக்கு இருபது நிமிஷம் வேணும். ஸ்டேஷனில ஆளை மறிக்க உங்களுக்கு என்ன தெரியும், அண்ணை?"

"கதைக்கத் தெரியும்."

"கதையுங்கோ."

என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் பையோடு ஸ்டேஷன் மேடையில் காத்து நிற்க, ஒன்று ஐந்துக்கு ரயில் வந்து நின்றது. இறங்கியவர்களுக்குள் அந்த இஸ்திரி போட்ட சேட்டைக் கண்டேன். கையில் இளஞ்சிவப்புத் தாள் சுற்றிய ஒரு பரிசுப் பெட்டி. அதைக் கண்டதும், கம்சனா பிழையாக விளங்கியிருக்கலாம் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன்.

"பேனாட் தம்பி!"

அவர் நின்றார். கண் சுருங்கியது, பிறகு சிரிப்பு வந்தது. "அண்ணை! நீங்கள் இஞ்சயோ?"

"திரும்பிப் போறன், தம்பி. இருங்கோ, ரிப்போட் சொல்ல வேணும்." நான் தொடங்கினேன். ட்ராமில் டிக்கட் மெஷின் வேலை செய்யாதது, ரயிலில் குடித்த கோப்பி, என் காலில் விறைப்பு, டொக்டர் மாற்றிய மாத்திரை, பழைய மாத்திரையின் நிறம். நான்கு நிமிடம் போனது. அவர் என் தோளுக்கு மேலால் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேந்து கதைப்பம், அண்ணை. எனக்கு நேரமில்லை."

"ஒரு நிமிஷம், தம்பி..."

"விடுங்கோ, அண்ணை." மெல்லிய குரல் போய்விட்டது. என் கையைத் தட்டிவிட்டு நடந்தார். ஒன்று பத்து. பள்ளிக்கூட மணி இன்னும் அடிக்கவில்லை.

நான் விழுந்தேன்.

என் முதுகுக்கு அது பொய் விழுகையென்று தெரியாது, உண்மையாகவே நொந்தது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணைச் சொருகினேன். "சீனி..." என்று முனகினேன். "தம்பி... சீனி..."

சீனி குறைந்து மயங்கி விழுகிறவன் என்ன சொல்வானோ அதைத்தான் சொன்னேன். எந்தத் தமிழன் கேட்டாலும் ஓடிப்போய் இனிப்பு ஏதாவது வாங்கி வந்திருப்பான்.

பேனாட் திரும்பி ஓடி வந்தார். என் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"சீனி எங்க?" என்றார் பல்லைக் கடித்தபடி. "அவளிட்டயோ? பிள்ளை எங்க? சொல்லு!"

நான் கொஞ்ச நஞ்சம் வைத்திருந்த ஆசையும் அதோடு போய்விட்டது.

நல்ல காலம், ஜேர்மன் சனம் ஸ்டேஷனில் ஒருவர் விழுந்தால் பார்த்துக்கொண்டு நிற்காது. தள்ளுவண்டியோடு வந்த ஓர் அம்மா குனிந்தார். சிவப்புத் தொப்பி போட்ட நிலைய ஊழியர் ஓடி வந்தார். நான் "சுக்கர்" என்று ஜேர்மனில் சீனியைச் சொன்னேன். அது எல்லோருக்கும் விளங்கியது. யாரோ கோலாப் போத்தலைத் திறந்து வாயில் வைத்தார்கள். குடிப்பதுபோலச் செய்து கன்னத்தால் வழிய விட்டேன்.

பேனாட் எழும்பப் பார்த்தார். நிலைய ஊழியர் அவர் தோளில் கை வைத்தார். "நீங்கள் இவரின் சொந்தமா? இவருடைய மொழி கதைக்கிறீர்களே. அம்புலன்ஸ் வரும்வரை தயவுசெய்து நில்லுங்கள்." சுற்றிப் பத்துப் பேர். போகிறேன் என்று சொல்ல அவரால் ஏலாமல் போனது. என் பெயர், வயது, என்ன மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார். தெரியாததற்கு என்னைக் கேட்டார், நான் மெதுவாக மறந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பைக்குள் சரக் சரக் என்று சத்தம் வந்தது.

தள்ளுவண்டி அம்மா பையைப் பார்த்தார். பேனாட்டும் பார்த்தார்.

"சலாட்" என்றேன் ஜேர்மனில். பையின் வாயால் இலைகள் எட்டிப் பார்த்தன. அம்மா தலையாட்டினார். பேனாட் பையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

அம்புலன்ஸ்காரர் வந்தபோது ஒன்று இருபத்தெட்டு. என்னைப் பையோடு தூக்கி வைத்தார்கள். பேனாட் கை நீட்டி, "அதை நான் வைச்சிருக்கிறன்" என்றார். நான் இரண்டு கையாலும் இறுக்கினேன். கதவு மூடியது.

உள்ளே ஓர் இளம் பெண் என் விரலில் குத்திப் பார்த்தார். மெஷினையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஹெர் கொட்வின், உங்கள் சீனி குறையவே இல்லை. நூற்றியெண்பது."

"எனக்குத் தெரியும்" என்றேன். அதற்குப் பிறகு அழுகை வந்தது. ஐம்பத்தேழு வயது மனிதன், பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அந்நியப் பெண்ணுக்கு முன்னால் அழுதேன். அவர் என்ன ஏதென்று கேட்காமல் என் கையில் ஒரு துடைக்கும் தாளை வைத்தார்.

கைத்தொலைபேசி அதிர்ந்தது. கம்சனா எழுதியிருந்தார். 'ரெண்டு பேரும் போய்ச் சேருவினம். எங்க எண்டு கேக்காதேங்கோ, அண்ணை. உங்களுக்கும் சொல்ல மாட்டன்.' அது எனக்குரிய தண்டனை. சரியான தண்டனை. சிறிது நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது. 'பிள்ளை சீனியைத் தடவிப்போட்டு வாறன் எண்டு அழுதது. நேரமில்லை எண்டு சொன்னனாங்கள்.'

ஆறு மாதம் பாடுபட்டுத் தேடிய அறை, அவுஸ்பில்டுங், பள்ளிக்கூடம் எல்லாம் நான்கு வரியில் போய்விட்டன. ஆமைக்கு இலை பிடுங்கிக் கொடுத்த புஷ்பமலர் அக்காவிடம் போய்வருகிறேன் என்று கூடச் சொல்லவில்லை. இனி எந்த ஊரிலோ மறுபடி முதலிலிருந்து. பொலிஸ் வண்டி வந்தாலும், அந்த மனிதரை இன்றைக்குப் பிடித்து வைக்க யாரிடமும் ஒரு காரணம் இல்லை. அவர் செய்தது ரயிலில் வந்ததும், விழுந்த ஒருவனுக்குப் பக்கத்தில் நின்றதும்தான்.

மறுபடி ஃபோன் அடித்தது. பேனாட். எடுக்காமல் விட்டால் விளங்கிவிடும். எடுத்தேன்.

மூச்சு வாங்கினார். காலடிச் சத்தம் படிக்கட்டில் எதிரொலித்தது. மூன்று மாடி ஏறியிருக்கிறார்.

"அண்ணை." குரல் பழையபடி மெல்லியதாகிவிட்டது. "மணி அடிச்சுப் பாத்தன், கதவைத் தட்டிப் பாத்தன். ஒருத்தரும் இல்லை."

மடியில் பை அசைந்தது.

"சீனி எப்பிடி, அண்ணை?"

பையின் வாயைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். அது தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு கிடந்தது.

"நூற்றியெண்பது, தம்பி" என்றேன்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ, அண்ணை. நான் வந்து பாக்கிறன். உங்கட கந்தோர் விலாசம் என்னட்ட இருக்குத்தானே."